கடைசி ஆளுக்குப் பின்னால்

பெர்னல் உட்கார்ந்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் கள் கிண்டும் துடுப்பு, கண் அடுப்பின் மேல், காது தெருவின் மேல். சதுப்பு நிலத்து ஓரத்தில் இருக்கும் எங்கள் ஆல்டர்ஃபென்னில் பார்லிக் கள் காய்ச்சும் பெண்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் புதுக் கள் தயார் என்று பெர்னல் தன் வாசலில் இலைக்கொத்துக் கட்டிய கழியை நீட்டிவிட்டால், வயலில் இருப்பவன் அரிவாளைப் போட்டது போட்டபடி வந்துவிடுவான். புருஷன் காய்ச்சலில் போனபிறகு நிலத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். பிரபுவுக்குக் கூலியில்லாமல் உழைத்துப் பிழைக்கிற நிலமில்லை அது, சொந்த நிலம். அதனால்தான் கோயிலில் அவளுக்கு நான்காவது இடம்.

அந்த நான்காவது இடத்தைப் பற்றிச் சொல்லாமல் பெர்னலைப் பற்றிச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பீடத்தில் சாமியார் முத்தமிட்ட பலகையை எடுத்துக்கொண்டு கோயில்பிள்ளை வாட்கின் கீழே இறங்கி வருவான். உள்ளங்கை அகல மரப்பலகை. அதில் ஓர் ஆட்டுக்குட்டி வரைந்திருக்கும்; பாதி வர்ணம் ஊர்க்காரர்களின் உதடுகளோடு போய்விட்டது. கிறிஸ்துவின் சமாதானம் சாமியாரிடமிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து ஊருக்கும் வர வேண்டும். வரிசைப்படி வர வேண்டும். ஆண்கள் பக்கம் முடிந்து பெண்கள் பக்கம் வந்தால், முதலில் பிரபு வீட்டம்மா, பிறகு அவர் மருமகள், பிறகு மேட்டுப் பண்ணைக்காரி, பிறகு பெர்னல். அவளுக்குப் பிறகு மாவரைப்பவன் பெண்டாட்டி ஹவிஸ். அப்படியே நிலமுள்ளவர்கள், நிலமில்லாதவர்கள், கூலிக்காரிகள் என்று இறங்கி, எல்லோருக்கும் கடைசியில் கதவோரம் பிச்சைக்காரக் கிழவன் டிக்கன். சமாதானத்துக்காக எங்கள் ஊரில் நடந்த சண்டை மாதிரி வேறு எதற்காகவும் நடந்ததில்லை.

ஒருமுறை ஹவிஸ், ஊருக்கே மாவு தருகிறவள் தான்தான் என்று எட்டிப் பலகையைப் பிடித்துவிட்டாள். பெர்னல் அவள் தலைத்துணியைப் பிடித்து இழுத்தாள். நடுவில் போன வாட்கினுக்கு நெற்றியில் வீக்கம். பலகை கீழே விழுந்து ஆட்டுக்குட்டியின் ஒரு காது பெயர்ந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும், “உன் மாவுல பாதி தவிடு, உனக்கு நாலாவது இடம் கேக்குதா?” என்றாள் பெர்னல். “உன் கள்ளுல பாதி கிணத்துத் தண்ணி, அதுக்கு இது மேல்தாண்டி” என்றாள் ஹவிஸ். இடம் மட்டும் பெர்னலிடமே நின்றது.

பெர்னலுக்கு ஒரே மகள், சிபில். பருவத்துக்கு வந்த பெண், ஆனால் பேச்சு வரவில்லை. சந்தோஷம் வந்தால் தொண்டைக்குள் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வாத்துகளின் பின்னால் நாள் முழுக்க நடப்பாள். கோயிலில் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பழைய சாமியார் இருந்தவரை பெர்னல் முத்தமிட்டதும் வாட்கின் பலகையை அவள் பக்கமும் காட்டுவான். அவளும் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, உதட்டைக் குவித்து முத்தமிடுவாள். “எனக்கும் இவளுக்கும் நடுவுல ஒரு நாலரை” என்று ஹவிஸ் முணுமுணுப்பாள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை.

பழையவர் செத்துப்போய் ஆம்ப்ரோஸ் சாமி வந்தார். இளவயது, மெலிந்த கழுத்து, பெரிய படிப்பு. தவக்காலம் முழுக்க ஒரே பிரசங்கம்தான். பீடத்திலிருந்து இறங்கி நடந்துகொண்டே சொல்வார். கதவோரத் தூணைத் தொட்டு, “இந்தக் கல் இருக்கிறது. அவ்வளவுதான்” என்பார். ஓக் கதவைத் தட்டி, “இந்த மரம் இருந்தது, வளர்ந்தது” என்பார். டிக்கனின் காலடியில் படுத்திருக்கும் நாயைக் காட்டி, “இது இருக்கிறது, வளர்கிறது, வலித்தால் உணர்கிறது” என்பார். தன் நெஞ்சில் கை வைத்து, “மனிதன் இதெல்லாம் செய்கிறான், கூடவே அறிகிறான். அவனுக்கு மேலே தேவதூதர்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டவர். மேலே உள்ளது கீழே உள்ளதற்குக் கொடுக்கிறது. ஆண்டவரிடமிருந்து கல் வரைக்கும் ஒரே ஏணி. அதில் ஒரு படிகூடக் காலியில்லை” என்று முடிப்பார்.

பெர்னலுக்கு அந்தப் பிரசங்கம் மிகவும் பிடித்துப்போனது. “கேட்டியா ஹவிஸ்? படி இருக்குடி, படி! நான் சொன்னப்ப சிரிச்சியே” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். சிபில் மட்டும் ஒவ்வொரு வாரமும் சாமியாரின் கை போகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையாவது பார்ப்பதை யார் கவனித்தார்கள்?

தவக்காலத்தின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பலகை வந்தது. பெர்னல் முத்தமிட்டாள். சிபில் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினாள். வாட்கின் பலகையைத் துணியால் துடைத்து நேராக ஹவிஸிடம் கொண்டுபோய்விட்டான்.

“ஏய் வாட்கின், புள்ளைக்கு?” என்று பெர்னல் கிசுகிசுத்தாள்.

“சாமி வேணாம்னுட்டாரு அக்கா. அறியிறவங்களுக்கு மட்டும்தானாம். என்னைக் கோவிச்சுக்காத.”

பலகை கதவுவரை போய்த் திரும்பி வந்தது. பூசை முடிந்தது. எல்லோரும் வெளியே போனார்கள். சிபில் நிமிர்த்திய முகத்தை இறக்கவில்லை. குவித்த உதடு குவித்தபடி இருந்தது. அம்மா தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போதுகூட அவள் முகம் அப்படியே இருந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும்.

அந்த முகம் பெர்னலை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. பார்லியை முளைகட்டப் போட்டுவிட்டு மறந்தாள். முளை மூக்கு நீண்டு வீணாயிற்று. கள் புளித்தது. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள், கிணற்றடிக்குப் போய் வெறும் வாளியோடு திரும்பினாள். வாசலில் கழியை நீட்டி இரண்டு நாள் ஆகியும் உள்ளே கள் இல்லை. வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் சாமியாரிடமே போனாள். அவர் தோட்டத்தில் அவரைக்கொடிக்குக் கழி ஊன்றிக்கொண்டிருந்தார். முக்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“சாமி, எம்பொண்ணு ஞானஸ்நானம் வாங்கினவ.”

“தெரியும்மா. அவ ஆத்துமாவைப் பத்தி நீ கவலைப்படாதே. பாவம் செய்யத் தெரியாதவ அவ. ஆனா அந்த முத்தம் விளையாட்டில்ல. பலகை வர்றதுக்கு முந்தி பூசையில ஒருத்தருக்கொருத்தர் வாயோட வாய் வச்சுத்தான் சமாதானம் குடுத்துக்கிட்டாங்க. மேலேருந்து வாங்குறோம், அடுத்தவங்களுக்குக் குடுக்குறோம். அது என்னன்னு அறிஞ்சு செய்யணும். உன் பொண்ணுகிட்ட ஒரு கரண்டியை நீட்டினா முத்தம் குடுப்பாளா, மாட்டாளா? உண்மையைச் சொல்லு.”

பெர்னலுக்குத் தெரியும். குடுப்பாள். நேற்றுக்கூடக் கொடுத்தாள்.

“அவளைத் தாழ்த்திச் சொல்லலம்மா. எறும்பு எறும்பா இருக்கிறதுலயும் ஆண்டவருக்கு மகிமைதான். அவ படியில அவ இருக்கா.”

“எந்தப் படி சாமி?”

சாமியார் கையிலிருந்த கழியைப் பார்த்தார். அவர் பொய் சொல்லாத மனுஷன், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். “உணருற படி. அறியிற படி இல்லை” என்றார். பிறகு, “அந்த முத்தம் என்னன்னு அவளுக்குத் தெரியும்னு ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டு. நானே பலகையை எடுத்துட்டு வந்து அவளுக்குக் குடுக்கிறேன்” என்றார்.

பெர்னல் வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தாள். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் ஆட்டுக்குட்டிப் படம் கீறிய தோல்துண்டு. “இது வெறும் கரண்டி. முத்தம் குடுக்கக் கூடாது. இது சாமி. குடுக்கணும்.” சிபில் இரண்டுக்கும் கொடுத்தாள். ரொட்டிக்கும் கொடுத்தாள். அம்மா கத்தினால் அம்மாவின் கைக்கும் கொடுத்தாள். பெர்னல் ஒருநாள் கரண்டியைச் சுவரில் வீசியெறிந்துவிட்டு முற்றத்தில் போய் நின்று அழுதாள். தன் பெண்மேல் கோபமா, சாமியார்மேலா, தன்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. சிபில் கரண்டியைப் பொறுக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தாள்.

இதற்கிடையில் சாமியாரின் ஏணி ஊருக்குள் நன்றாக இறங்கியிருந்தது. ஈஸ்டர் கழிந்த வாரத்தில் சிபில் வாத்துகளின் பின்னால் போய், பிரபுவின் பார்லி வயலுக்குள் இறங்கிவிட்டாள். பட்டிக்காரன் ஹாமோ பார்த்தான். பயிர் மேய்ந்த மாடுகளைப் பிடித்து, சொந்தக்காரன் தண்டம் கட்டுகிறவரை அடைத்துவைப்பதுதான் அவன் வேலை. சிபிலைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பட்டிக்குள் விட்டுப் படலைச் சாத்திவிட்டான்.

செய்தி கேட்டு பெர்னல் ஓடிவந்தபோது பட்டியைச் சுற்றி ஒரு கூட்டம். ஹவிஸ் கையெல்லாம் மாவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தொறடா படலை!”

“தண்டம் கட்டு அக்கா, தொறக்கிறேன்” என்றான் ஹாமோ. “நானா சொன்னேன்? சாமி சொன்னாரு. அறிவில்லாதது பயிர்ல இறங்கினா பட்டி. பட்டிச் சட்டம் ஆளைப் பாக்காது.”

“சும்மா வேடிக்கைக்குத்தான் அக்கா” என்றான் வேறொருவன்.

உள்ளே இரண்டு தெருமாடுகளுக்கும் ஒரு கிடேரிக்கும் நடுவில், சாணியில், சிபில் உட்கார்ந்திருந்தாள். கிடேரியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அதைத்தான் பெர்னலால் தாங்க முடியவில்லை. போன அறுவடையில், குடித்துவிட்டு வரப்பில் கிடந்த கூலிக்காரன் ஒருவனை ஹாமோ இதே பட்டியில் போட்டபோது, இதே வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள்தான் பெர்னலும். கூலிக்காரன்தானே, கிடக்கட்டும் என்று சொன்னவள்.

அவள் தண்டம் கட்டவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படலேறிக் குதித்தாள். மகளைத் தூக்கிவிட்டாள். படலை உள்ளேயிருந்து ஒரு உதை விட்டாள். அது ஹாமோவின் முழங்காலில் போய் மோதியது. சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஹவிஸ் இடுப்புத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வழியை விட்டு ஒதுங்கினாள்.

அந்த வாரம் முழுக்க பெர்னல் அடுப்பைச் சுற்றிச் சுற்றி நடந்து ஒரே கணக்கைப் போட்டாள். சாமியார் வாயிலிருந்தே வந்தது: பலகைக்கு முந்தி வாயோடு வாய்தான். அப்படியானால் பலகையைத் தான் முத்தமிட்டு, சமாதானத்தைத் தானே மகளுக்குக் கொடுத்தால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் நான்காவது இடத்தில் நின்று கொடுத்தால், கீழே இருக்கிற அத்தனை பேரும் பட்டிமாட்டுக்கு அடுத்தபடி ஆகிவிடுவார்கள். ஹவிஸ் விடுவாளா? ஹவிஸ் இடத்தில் பெர்னலே இருந்தாலும் விடமாட்டாள். யாரும் கீழே இல்லாத இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, பிரபு வீட்டம்மாவையும் மேட்டுப் பண்ணைக்காரியையும் பார்க்காமல், கதவோரம் போய் டிக்கனுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது. நிற்க முடியாதவர்களுக்குச் சுவரோரம் ஒரு கல்திட்டு உண்டு. அதில் சாய்ந்திருந்த டிக்கன் நிமிர்ந்து பார்த்தான்.

“இங்க எதுக்கும்மா வந்தே?”

“இங்கதான் நிக்கப் போறேன். உனக்குப் பின்னால.”

“எனக்குப் பின்னால ஆள் கிடையாது. நான்தான் கடைசி.”

“அதான் டிக்கன், அந்தக் கடைசியைக் குடு.”

“தரமாட்டேன்” என்றான் டிக்கன் சத்தமாகவே. நாலைந்து தலைகள் திரும்பின. “எல்லாத்தையும் நீங்க வச்சுக்கிட்டீங்க. இது ஒண்ணுதான் என்னுது. செத்து மோட்சத்துக்குப் போய்ச் சேந்தா வரிசை திரும்பிக்கும், கதவைத் தொறந்ததும் முதல் மரியாதை எனக்குத்தான்னு பழைய சாமி சொல்லியிருக்காரு. இவ்வளவு காலம் குளிர்ல நின்னு சேத்து வச்சிருக்கேன். இன்னிக்கு வந்து கேட்டா?”

பெர்னலுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. “ஒரு குடம் கள்” என்றாள்.

“முதல் தரமா, ரெண்டாம் தரமா?”

“முதல் தரம்டா கிழவா.”

டிக்கன் யோசித்தான். பிறகு நாயை அப்படியே விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் நகர்ந்து நின்றான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு படி ஏறியவன், தாடியைத் தடவிக்கொண்டான்.

பலகை இறங்கியது. பெண்கள் பக்கம் வந்து, நான்காவது இடத்தில் ஆள் இல்லாமல் வாட்கின் முழித்தான். ஹவிஸ் அந்த இடத்துக்கு நகரவில்லை. கழுத்தைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தபடியே முத்தமிட்டாள். பலகை கூலிக்காரிகளைத் தாண்டி டிக்கனுக்கு வந்தது, பிறகு பெர்னலுக்கு. அவள் முத்தமிட்டாள். பக்கத்தில் சிபிலின் முகம் வழக்கம்போல் நிமிர்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. பெர்னல் இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்து, வாயில் முத்தம் கொடுத்தாள்.

சிபில் கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். தொண்டைக்குள் அந்தச் சத்தம் வந்தது. பிறகு தரையில் முழங்கால் போட்டு, தூங்கிக்கொண்டிருந்த டிக்கனின் நாயின் முகத்தை, அம்மா பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்து, அதன் மூக்கில் முத்தம் கொடுத்தாள்.

“ஐயோ, நாயை!” என்று ஒரு குரல். ஹாமோ வாய்விட்டுச் சிரித்தான். போச்சு, எல்லாம் போச்சு. பலகைக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்றார் சாமியார், இப்போது ஊரே பார்க்கப் பலகைக்கும் நாய்க்கும்கூட வித்தியாசம் தெரியாது என்று ஆகிவிட்டது. அவள் மகளின் தோளைப் பிடிக்கக் கை நீட்டினாள். சிபில் அதற்குள் எழுந்துவிட்டாள். கதவுக்குப் போய், ஓக் மரத்தில் உதட்டை வைத்தாள். அங்கிருந்து திரும்பித் தூணுக்கு வந்து, குனிந்து, கல்லுக்கு முத்தம் கொடுத்தாள். அதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தரையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து, கோயிலின் மறுகோடியில் பீடத்தருகே நின்ற சாமியாரைப் பார்த்தாள்.

ஹாமோவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆம்ப்ரோஸ் சாமி இந்தப் பக்கம் திரும்பியபடியே நின்றார். வாட்கின் இருமினான். மறுபடி இருமினான். அப்புறம்தான் அவர் பீடத்துப் பக்கம் திரும்பி மிச்சப் பூசையைச் சொன்னார். மனப்பாடமான ஜெபத்தில் இரண்டு இடத்தில் தடுக்கினார்.

பூசை முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாமியார் கதவோரம் வந்தார்.

“யார் சொல்லிக் குடுத்தது இவளுக்கு?”

“நான் சொல்லிக் குடுத்தது கரண்டிதான் சாமி. அது அவளுக்கு வரல” என்றாள் பெர்னல். “இது நீங்க சொன்னது.”

சாமியார் தூணைப் பார்த்தார். பிறகு ஊர்க்காரர்களைப் பார்த்தார். “எல்லாருக்கும்தானே சொன்னேன்” என்றார் மெதுவாக. அப்புறம், “வாட்கின், அடுத்த வாரம் நீ நில்லு. பலகையை நான் எடுத்துட்டு வர்றேன்” என்றார்.

“சாமி, ஒரு சந்தேகம்” என்றான் டிக்கன். “அந்தப் பொண்ணு எனக்கு முன்னாலயா, பின்னாலயா?”

சாமியார் நாயைத் தாண்டி வெளியே போனார்.

வாரத்தின் நடுவில் ஹவிஸ் பெர்னல் வீட்டுக்கு வந்தாள். மடியில் ஒரு பை மாவு, தவிடு இல்லாதது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, “நாலாவது இடம் காலியாக் கிடக்குடி. வந்து நில்லு” என்றாள்.

“நீயே எடுத்துக்கோ.”

“சண்டை போடாம எப்படிடி எடுத்துக்கிறது? நல்லாவா இருக்கும்?” என்று ஹவிஸ் கோபித்துக்கொண்டு போனாள். அந்த இடத்தில் அவள் கடைசிவரை நிற்கவேயில்லை. மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் தரை எங்கள் கோயிலில் பல காலம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ரோஸ் சாமியே பலகையோடு வந்தார். டிக்கன், பெர்னல், பிறகு சிபில். அவள் ஆட்டுக்குட்டியின் உடைந்த காதில் முத்தமிட்டாள். சாமியார் பலகையை எடுத்துக்கொண்டு திரும்பப் போனவர், நின்றார். சிபில் நாயை எழுப்பிக்கொண்டிருந்தாள். அது சோம்பேறி நாய், எழுந்திருக்க நேரமாயிற்று. அடுத்துக் கதவு. அடுத்துத் தூண். கோயிலே காத்துக்கொண்டு நின்றது. பெர்னலுக்கு முழங்கால் இரண்டும் வலிப்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குத் துடுப்பு இல்லை, கண்ணுக்கு அடுப்பு இல்லை. யாரும் தன்னைத் தாண்டிப் போய்விடுவார்களா என்று பார்க்கவும் வேண்டியதில்லை.

தூணுக்குக் கொடுத்து முடித்த சிபில் அம்மாவைத் தேடித் திரும்பினாள். பெர்னல் சுவரோரக் கல்திட்டில் உட்கார்ந்திருந்தாள்.